சாமுவேல் போட்ட கணக்கு

இஸ்ரவேலருக்கு முதல் ராஜாவை ஏற்படுத்துவதற்கு முன்னால் சாமுவேல் தீர்க்கதரிசி ஒரு கணக்குச் சொன்னார். வரப்போகிறவர் என்னென்ன எடுத்துக்கொள்வார் என்று ஒன்றுவிடாமல் அடுக்கினார்: தேருக்கு முன்னால் ஓட உங்கள் பையன்கள், சமையலுக்கும் வாசனைத் தைலம் கூட்டவும் உங்கள் பெண்கள், நல்ல வயல், நல்ல ஒலிவத் தோப்பு, விளைச்சலிலும் மந்தையிலும் பத்தில் ஒரு பங்கு. பின்னால் அழுது முறையிட்டால் பதில் வராது என்பதையும் அவர் மறைக்கவில்லை. ஜனங்கள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இருக்கட்டும், எங்களுக்கு ராஜா வேண்டும் என்றார்கள். அதன்பிறகுதான் சவுலின் தலையில் தைலம் விழுந்தது.

முதலில் விலை, அப்புறம் தைலம். இந்த வரிசையைத்தான் நான் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன். பிரிட்டிஷ் மன்னராட்சி அதற்காகும் செலவுக்குத் தகுமா என்று இங்கே பலரும் வரி கட்டுகிறவர்களாகக் கேட்கிறார்கள். நான் அந்த மன்னரை உச்ச ஆளுநராகக் கொண்ட திருச்சபையின் அங்கத்தினராகக் கேட்கிறேன்.

தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்தில் பிறந்து, செவிலியர் படிப்பு முடித்து, லங்காஷயருக்கு வந்து பிரஸ்டன் நகரத்து மருத்துவமனை வார்டுகளில் வாழ்நாளைக் கழித்தவள் நான். ஓய்வுக்குப் பிறகு எங்கள் ஆங்கிலிக்கன் சபைக்குப் பொருளாளராக இருக்கிறேன். ஞாயிறு காலை எட்டு மணி ஆராதனைக்கு வருகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். 1662ஆம் ஆண்டு ஜெபப் புத்தகத்தின்படி நடக்கும். பத்துக் கற்பனைகள் வாசித்து முடிந்ததும் மன்னருக்கான ஜெபம். 2022 செப்டம்பர் 8 அன்று எலிசபெத் ராணி காலமானார். அந்த ஞாயிறு, ராணி என்று எழுபது ஆண்டுகள் வாசித்துவந்த இடத்தில் ராஜா என்று வாசிக்கும்போது எங்கள் குருவானவரின் குரல் தழுதழுத்தது. நானும் அழுதேன். அந்த ஜெபத்தை இன்றும் முழுமனதாகச் சொல்கிறேன். முழுமனதாகச் சொல்வதால்தான் கணக்குக் கேட்கிறேன்.

வெளியே தெரிகிற தொகையை முதலில் சொல்லிவிடலாம். 1760இல் மூன்றாம் ஜார்ஜ் அரசுரிமை நிலங்களின் வருமானத்தை நாடாளுமன்றத்திடம் விட்டுவிட்டு, பதிலுக்கு ஆண்டுத் தொகை பெற ஒப்புக்கொண்டார். அதன் இன்றைய வடிவம் 2012 முதல் நடைமுறையில் இருக்கும் சாவரின் கிராண்ட். கிரவுன் எஸ்டேட் என்னும் அந்தச் சொத்தின் லாபத்தில் இத்தனை சதவீதம் என்று கணக்கிட்டு அரசு பணம் கொடுக்கிறது. முதலில் 15 சதவீதமாக இருந்தது. பக்கிங்ஹாம் அரண்மனையின் பழைய மின்கம்பிகளையும் குழாய்களையும் மாற்றும் 36.9 கோடி பவுண்ட் வேலைக்காக 25 ஆயிற்று. கடல் காற்றாலைகளுக்கு இடம் விட்டதில் லாபம் பெருகியதும் 12 ஆகக் குறைத்தார்கள். அப்படிக் குறைத்தும் 2024-25இல் 8 கோடியே 63 லட்சமாக இருந்த தொகை 2025-26இல் 13 கோடியே 21 லட்சம் பவுண்ட் ஆனது. இதற்கு வெளியே, ராணியின் அடக்கத்துக்கும் அதையொட்டிய துக்க நாட்களுக்கும் அரசு செலவழித்தது சுமார் 16.2 கோடி, சார்ல்ஸின் முடிசூட்டுக்கு 7.2 கோடி. காவல் செலவை அரசு வெளியிடுவதில்லை. மன்னராட்சி வேண்டாம் என்று இயங்கும் ரிபப்ளிக் அமைப்பு எல்லாவற்றையும் தன் கணிப்பில் கூட்டி, ஆண்டுக்கு 51 கோடி என்கிறது.

அரசு கொடுக்கும் தொகையை மக்கள் தொகையால் வகுத்தால் தலைக்கு இரண்டு பவுண்டுக்கும் குறைவு. அந்தப் பணத்தை வைத்து இங்கிலாந்தின் மருத்துவச் சேவையை அரை நாள்கூட நடத்த முடியாது. வார்டில் ஆள் பற்றாமல் இரவெல்லாம் ஓடியவள் சொல்கிறேன்: அரண்மனையை மூடினால் மருத்துவமனை நிமிர்ந்துவிடும் என்கிறவர்கள் கணக்குப் பார்க்காமல் பேசுகிறார்கள். சுற்றுலாப் பயணிகளைக் காட்டி அரண்மனைக்கு வக்காலத்து வாங்குகிறவர்களிடமும் எனக்குச் சொல்ல அதிகம் இல்லை. வெர்சாயில் ராஜா இல்லை. கூட்டம் குறையவும் இல்லை.

என்னை உறுத்துவது அந்த இரண்டு பவுண்ட் அல்ல. மூடிவைத்த கணக்கு.

லங்காஷயர் விருந்துகளில் மன்னருக்கு வாழ்த்துச் சொல்லிக் கிண்ணம் உயர்த்தும்போது, ராஜா, லங்காஸ்டர் டியூக் என்று சேர்த்துச் சொல்வது வழக்கம். லங்காஸ்டர் டச்சி என்பது 1399 முதல் மன்னருக்கென்று தனியே பிரித்துவைக்கப்பட்டிருக்கும் நிலமும் கட்டடங்களும். 2023-24இல் அதிலிருந்து மன்னருக்குப் போன உபரி 2 கோடியே 74 லட்சம் பவுண்ட். 1337இல் மூன்றாம் எட்வர்ட் தன் மகனுக்காக உண்டாக்கிய கார்ன்வால் டச்சி, அதே ஆண்டு இளவரசர் வில்லியமுக்கு 2 கோடியே 36 லட்சம் கொடுத்தது. இரண்டு டச்சிகளுக்கும் நிறுவன வரி கிடையாது, மூலதன ஆதாய வரியும் கிடையாது. மன்னரும் இளவரசரும் வருமான வரி கட்டுவது சட்டப்படி அல்ல, 1993 முதல் தாமாக முன்வந்து. சார்ல்ஸ் இளவரசராக இருந்தபோது தான் கட்டிய வரியை ஆண்டறிக்கையில் போட்டார். 2024 அறிக்கையில் வில்லியம் போடவில்லை. அதே ஆண்டு நவம்பரில் சண்டே டைம்ஸ் வார இதழும் சேனல் 4 தொலைக்காட்சியும் சேர்ந்து ஆராய்ந்து ஒரு செய்தி வெளியிட்டன. லண்டனில் ஓர் அரசு மருத்துவ அறக்கட்டளை தன் ஆம்புலன்ஸ்களை நிறுத்தும் கிடங்குக்காக லங்காஸ்டர் டச்சிக்கு 15 ஆண்டுகளில் 1 கோடியே 14 லட்சம் பவுண்ட் வாடகை கொடுக்கிறது. சட்டத்துக்கு விரோதமாக எதுவும் நடக்கவில்லை. ஆனாலும் அந்தச் செய்தியைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

சபையில் தனியாக இருக்கும் முதியவர்களைப் பார்க்கப் போனால், தேநீர் குடித்து முடிப்பதற்குள் உயில் எழுதிவிட்டீர்களா என்று கேட்டுவிடுவேன். இரவுப் பணியில் நான் கண்களை மூடிவிட்ட எத்தனையோ பேருக்கு, அழைத்துச் சொல்ல ஒரு தொலைபேசி எண்கூட இருந்ததில்லை. பஞ்சாலையிலும் துறைமுகத்திலும் உழைத்துக் காய்த்த கைகள். உயிலும் உறவும் இல்லாமல் ஒருவர் இறந்தால், நாட்டின் பெரும்பகுதியில் அவர் விட்டுச்சென்றது அரசுக் கருவூலத்துக்குப் போகும். கடைசியாகப் பழைய லங்காஷயர் எல்லைக்குள் வசித்தவரானால் லங்காஸ்டர் டச்சிக்குப் போகும். செலவு போக மீதி தர்மத்துக்கே என்று நெடுநாள் சொல்லிவந்தார்கள். அதில் ஒரு பகுதியை டச்சியின் வாடகைக் கட்டடங்களைப் புதுப்பிக்கச் செலவழித்திருக்கிறார்கள் என்று 2023இல் கார்டியன் நாளிதழ் வெளியிட்டது. சாமுவேல் வயலையும் தோப்பையும்தான் சொன்னார். நாதியற்றவனின் சேமிப்பு அவர் பட்டியலில் இல்லை.

இறந்தவர்களின் சொத்தில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. நான் விட்டுச்செல்லும் வீட்டின் மதிப்பு வரம்பைத் தாண்டினால் மிஞ்சியதில் 40 சதவீதம் வரியாகப் போகும். மன்னரிடமிருந்து அடுத்த மன்னருக்குப் போகும் சொத்துக்கு அந்த வரி இல்லை. இதுவும் 1993 ஏற்பாடு. நான் இறந்தபின் என் உயிலை யாரும் கட்டணம் கட்டிப் படிக்கலாம். எலிசபெத் ராணியின் கணவர், எடின்பரோ கோமகன் பிலிப்பின் உயிலை 90 ஆண்டுகளுக்கு முத்திரையிட்டு வைக்கும்படி 2021இல் நீதிமன்றம் உத்தரவிட்டது. அரச குடும்பத்தாரின் உயில்களை இப்படி மூடிவைப்பது ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நடந்துவருகிறது.

எங்கள் சபையின் கணக்கு மிகச் சிறியது. கூரைத் தகடு, ஹீட்டர், மெழுகுவர்த்தி, ஆர்கன் பழுது. இங்கிலாந்துத் திருச்சபை அரசின் திருச்சபை என்பதால் குருவானவருக்கு அரசு சம்பளம் தருகிறது என்று இங்குள்ளவர்களே பலர் நினைக்கிறார்கள். தருவதில்லை. உயிரோடிருப்பவர்களின் காணிக்கையிலும் முன்னோர் விட்டுப்போன முதலீட்டிலும்தான் நடக்கிறது. ஆண்டுக் கூட்டத்துக்கு முன்னால் குறைந்தது ஏழு நாள் அந்தக் கணக்கைக் கோவிலில் எல்லாரும் பார்க்கும்படி ஒட்டிவைக்க வேண்டும் என்பது விதி. வெளியாள் ஒருவர் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். இது எனக்குப் புதிதல்ல. நாசரேத்தில் என் பாட்டி உலை வைக்கும்போதெல்லாம் கோவிலுக்கென்று ஒரு கைப்பிடி அரிசியைக் கலயத்தில் போடுவார். அதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் உபதேசியார் அளந்து நோட்டில் எழுதிக்கொள்வார். எழுதினாரா என்று பாட்டி எட்டிப்பார்ப்பார். உபதேசியார்மேல் சந்தேகமில்லை. கடவுளுக்கென்று கொடுத்தது எங்கே போயிற்று என்று தெரிந்திருப்பதும் பக்தியின் ஒரு பாகம் என்று அவருக்குப் பட்டது.

இதையெல்லாம் குருவானவரிடம் பேசியபோது அவர் பெத்தானியாவை நினைவூட்டினார். மரியாள் இயேசுவின் பாதத்தில் விலையுயர்ந்த தைலத்தை ஊற்றியபோது, முந்நூறு பணத்துக்கு விற்று ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்று கேட்டவன் யார்? யூதாஸ். புனிதமான ஒன்றின் முன்னால் நின்று விலை கேட்பவன் எந்தப் பக்கம் நிற்கிறான் என்று யோசித்துப்பாருங்கள் என்றார். அவர் மென்மையான மனிதர், குத்துவதற்காகச் சொல்லவில்லை. மன்னராட்சிக்காக நான் கேட்ட வாதங்களில் பதில் சொல்லியே ஆகவேண்டிய வாதம் இதுதான். ஏனென்றால் அந்த முடிசூட்டு என்னையும் உலுக்கியது.

2023 மே 6 அன்று வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் நடந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். ஒலிவமலைத் தோப்புகளில் பறித்த காய்களின் எண்ணெய். எருசலேமில் கல்லறைத் திருக்கோவிலில் வைத்துப் புனிதப்படுத்தியது. அதை ஊற்றிய கரண்டி பன்னிரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. 1649இல் முதலாம் சார்ல்ஸின் தலையை வெட்டியபின் அரச ஆபரணங்களை உருக்கினார்கள்; இந்தக் கரண்டி விலைக்குப் போனதால் தப்பியது. மேலங்கிகளைக் கழற்றிவிட்டு வெள்ளைச் சட்டையோடு நின்ற எழுபத்து நான்கு வயது மனிதரைத் திரைகளால் மறைத்தார்கள். உள்ளே பேராயர் ஜஸ்டின் வெல்பி அவருடைய கைகளிலும் மார்பிலும் தலையிலும் தைலம் பூசினார். வெளியே ஹாண்டல் 1727இல் இயற்றிய சாதோக்கின் பாடல் உயர்ந்தது. சாலொமோனை அபிஷேகம் பண்ணிய ஆசாரியன் சாதோக்கு. நான் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றேன். அந்த நிமிடம் நாடகம் என்று என்னால் சொல்ல முடியாது.

அப்படி எழுந்து நின்றவளாகத்தான் குருவானவருக்குப் பதில் சொன்னேன். மரியாள் ஊற்றியது தன்னுடைய தைலத்தை. யாரிடமும் வரியாக வாங்கவில்லை. யோவான் தன் சுவிசேஷத்தில் யூதாசைக் கள்ளன் என்பது கணக்குக் கேட்டதற்காக அல்ல, பணப்பையை வைத்துக்கொண்டு அதிலிருந்து எடுத்ததற்காக. எங்கள் சபையின் பையை வைத்திருக்கும் நான் அந்த வசனத்தை எப்போதும் பயத்தோடுதான் வாசிப்பேன். அங்கே பாவம் மறைவில் நடந்தது. அந்தத் தைலம் பூசப்பட்டவர் அடுத்த அதிகாரத்தில் என்ன செய்கிறார் என்பதையும் பார்க்க வேண்டும். பந்தியிலிருந்து எழுந்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, சீஷர்களின் காலைக் கழுவுகிறார்.

இங்கிலாந்து மன்னர்கள் ஒருகாலத்தில் பெரிய வியாழனன்று ஏழைகளின் காலைக் கழுவியிருக்கிறார்கள். கழுவுவது நின்றுபோய் மூன்று நூற்றாண்டு ஆகப்போகிறது. காசு கொடுப்பது மட்டும் தங்கிவிட்டது. மன்னரின் வயது எத்தனையோ அத்தனை ஆண்களுக்கும் அத்தனை பெண்களுக்கும் சிறு பைகளில் வெள்ளிக் காசு கொடுக்கிறார்கள். நான் எத்தனையோ கால்களைக் கழுவியிருக்கிறேன். சர்க்கரை நோயில் அழுகிய விரல்கள், வீங்கிப் பிளந்த குதிகால்கள், யாருடைய கையும் பட்டு வருடங்கள் ஆன கால்கள். நெருங்கிக் குனிந்தால்தான் அந்த ஆளின் நிலைமை தெரியும். நிமிர்ந்து நின்று காசு கொடுத்தால் தெரியாது. அரசருக்கும் திருச்சபைக்கும் அந்தச் சடங்கிலிருந்து தொலைந்துபோனது இந்த நெருக்கம் என்று நினைக்கிறேன்.

இதனால் எலிசபெத் ராணியின் வாழ்க்கைக்கு மதிப்பில்லை என்று ஆகிவிடாது. வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் அவர் உடலைப் பார்க்க இரண்டரை லட்சம் பேர் தேம்ஸ் கரையோரம் வரிசையில் நின்றார்கள். ஒரு கட்டத்தில் காத்திருப்பு 24 மணி நேரத்தைத் தாண்டியது. என்னோடு வார்டில் வேலைபார்த்த, ஜமைக்காவில் பிறந்த தோழி பிரஸ்டனிலிருந்து ரயிலேறிப் போய் நின்றார். சாம்ராஜ்யம் தன் முன்னோருக்குச் செய்தது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். கொடுத்த வாக்கை எழுபது ஆண்டுகள் காத்த ஒரு பெண்ணுக்கு மரியாதை செய்யப் போனேன் என்றார். அது உண்மையான பொருள், விலையிட முடியாதது. ஆனால் அது அந்தப் பெண் கொடுத்தது. டச்சிகள் கொடுத்ததல்ல. கட்சிக்கு அப்பாற்பட்ட ஒருவர் நாட்டின் தலைமையில் இருப்பது நல்லதுதான். எங்கள் கரைக்கு எதிரே, கடலுக்கு அந்தப் பக்கம், அயர்லாந்தில் 1938 முதல் ஜனாதிபதிகள் அந்த இடத்தில் இருக்கிறார்கள். அதில் 14 ஆண்டுகள் ஒரு கவிஞர் இருந்தார், மைக்கேல் ஹிக்கின்ஸ். பதவிக்காலம் முடிந்ததும் வீட்டுக்குப் போனார்.

மன்னர் இல்லாமல் திருச்சபை நிற்குமா என்று இங்கே கவலைப்படுகிறவர்களிடம் எங்கள் ஊரைச் சொல்வேன். திருநெல்வேலிச் சீமையின் ஆங்கிலிக்கன் சபைகள் ஜார்ஜ் ராஜாவுக்காகத் தமிழில் ஜெபித்தவை. பாட்டிக்கு அந்த ஜெபம் மனப்பாடம். 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவானது. பேராயர்கள் இருந்தார்கள், ஞானஸ்நானமும் நற்கருணையும் இருந்தன, ராஜா மட்டும் இல்லை. சபை ஒன்றும் கரைந்துவிடவில்லை. பக்கத்திலேயே வேல்ஸ் நாட்டுத் திருச்சபை 1920இல் அரசிலிருந்து பிரிந்து இன்றும் நடக்கிறது. பொதுமக்களுக்கு ஆகும் செலவு என்று பேசும்போது, அந்தப் பொதுமக்களில் எங்களைச் சேர்க்காத காலமும் உண்டு என்பதை நான் மறப்பதில்லை. 1877 ஜனவரி 1 அன்று வைஸ்ராய் லிட்டன் டெல்லியில் தர்பார் கூட்டி விக்டோரியாவை இந்தியாவின் சக்ரவர்த்தினியாக அறிவித்தார். அதே நேரத்தில் சென்னை மாகாணம் தாது வருஷப் பஞ்சத்தில் செத்துக்கொண்டிருந்தது. அந்தத் தர்பாரின் செலவை யாரும் ஜனங்களிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை.

பிரபுக்கள் சபையில் எங்கள் பேராயர்கள் 26 பேர் உட்காருகிறார்கள். அகதிகளை ருவாண்டாவுக்கு அனுப்பும் திட்டத்தை 2022இல் அப்போது அங்கே இருந்த பேராயர்கள் அனைவரும் சேர்ந்து கையெழுத்திட்டு எதிர்த்தார்கள். அன்று இந்தத் திருச்சபையில் இருப்பதற்காகப் பெருமைப்பட்டேன். ஆனால் மூடிய உயில்களைப் பற்றியும் வாரிசற்றவர்களின் பணத்தைப் பற்றியும் அவர்களில் ஒருவர் வாய்திறந்து நான் கேட்டதில்லை. தாவீது ராஜாவின் தப்பைச் சொல்ல அவர் முன்னால் நாத்தான் தீர்க்கதரிசி போய் நின்றார். பறித்துக்கொண்ட நாபோத்தின் தோட்டத்துக்காக ஆகாப் ராஜாவின் முன்னால் எலியா நின்றார். தைலம் பூசும் கை விரல் நீட்டவும் கடமைப்பட்டது. யோதாம் சொன்ன கதையில், ராஜாவாக இரு என்று மரங்கள் கேட்டபோது முதலில் மறுத்தது ஒலிவமரம். எண்ணெயைத் தருவதே தன் வேலை என்று அது நினைத்தது. எங்கள் திருச்சபை எண்ணெயைக் கொடுத்ததோடு நில்லாமல் அரண்மனையின் மௌனத்தையும் எடுத்துக்கொண்டது. நாங்கள் கொடுத்துவரும் விலை அதுதான். அது எந்த ஆண்டறிக்கையிலும் வராது. இப்போது இருக்கிறபடி இந்த மன்னராட்சி அந்த விலைக்குத் தகாது என்று நான் நம்புகிறேன்.

எங்கள் வட்டார மன்றத்துக்கு ஒரு தீர்மானம் எழுதியிருக்கிறேன். டீனரி சினட் என்பார்கள். அங்கே தேறினால் மறைமாவட்ட மன்றம், பிறகு பொதுமன்றம் என்று மேலே போகும். மூன்று கோரிக்கைகள். மன்னருக்கும் வாரிசுக்கும் அவர்கள் செய்யும் வேலைக்கு வெளிப்படையான சம்பளம் கொடுத்து, டச்சிகள் இரண்டையும் கருவூலத்தில் சேர்க்க வேண்டும். அரச குடும்பத்தின் உயில்களும் வாரிசு வரியும் எல்லாருக்கும் போலவே இருக்க வேண்டும். இவை நடக்கும்வரை, அடுத்த முடிசூட்டில் திருச்சபை புது மன்னருக்காக ஜெபிக்கலாம், ஆசீர்வதிக்கலாம், தைலம் பூசக்கூடாது. எங்கள் சர்ச் வார்டன் ஓய்வுபெற்ற ராணுவ வீரர், ராணியின் பெயரில் சத்தியப்பிரமாணம் எடுத்தவர். முதல் இரண்டுக்கும் கையெழுத்துப் போடுகிறேன், மூன்றாவதை எடுத்துவிடுங்கள் என்கிறார். சாமுவேல் விலையைச் சொல்லி முடிக்கும்வரை குப்பியைத் திறக்கவில்லை என்று அவரிடம் சொன்னேன். மூன்றாவதை எடுக்கப்போவதில்லை.